ராத்திரி வர்ற சூரிய கிரகணத்துக்கு கர்ப்பிணி பயப்படணுமா?

கேள்வி: செப்டம்பர் 9, 2025, இரவு 10.15

எனக்கு இப்ப அஞ்சாம் மாசம் நடக்குது. 7ஆம் தேதி சந்திர கிரகணத்துக்கே சாயங்காலத்துலேர்ந்து மறுநாள் காலைல வரைக்கும் ரூமை விட்டு வெளிய விடல, தண்ணிகூட குடிக்க விடல. இப்ப 21ஆம் தேதி மகாளய அமாவாசை அன்னிக்கு சூரிய கிரகணம்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு, ராத்திரி 10.59க்கு ஆரம்பிச்சு 3.23க்கு முடியுதாம். மறுபடியும் அதே மாதிரி இருக்கணும்னு மாமியார் சொல்றாங்க, இல்லன்னா குழந்தைக்கு உதடு பிளந்துடுமாம். நான் நம்பல, ஆனா பயமா இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செப்டம்பர் 9, இரவு 11.50

ராத்திரி 11 மணிக்கு நம்ம ஊர் வானத்துல சூரியனே கிடையாதும்மா. அந்த நேரம் சரியான நேரம்தான், யாரோ ஒழுங்கா இந்திய நேரத்துக்கு மாத்திப் போட்டிருக்காங்க, ஆனா அது நடக்கறது நியூசிலாந்து, அண்டார்டிகா பக்கம். அங்க அப்ப விடிஞ்சிருக்கும். நமக்கும் அந்த சூரியனுக்கும் நடுவுல இந்த பூமியே குறுக்க நிக்குது. இதைவிட பெரிய சுவரு உங்க ரூம்ல கிடையாது. நிம்மதியா தூங்குங்க.

தண்ணி குடிக்காம இருக்கறது மட்டும் வேண்டாம். இதை முதல்ல சொல்லிடறேன், மத்ததை நாளைக்கு எழுதறேன்.

செப்டம்பர் 10, காலை 6.30

ராத்திரி தூக்கம் வரல. உங்க கேள்வில "உதடு பிளந்துடும்"ங்கற வார்த்தைய பாத்ததுலேர்ந்து எங்க அக்கா ஞாபகமாவே இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதப் போறேன்.

1995 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை, தீபாவளிக்கு மறுநாள். ராஜஸ்தான்லேர்ந்து வங்காளம் வரைக்கும் ஒரு பட்டையில முழு சூரிய கிரகணம், நமக்கு காலைல பகுதி கிரகணம். எனக்கு 14 வயசு. அக்காவுக்கு ஆறாம் மாசம். உள் அறையில ஜன்னலுக்கு போர்வை கட்டி அவளை உக்கார வெச்சாங்க. சொறியக்கூடாது, கத்தி தொடக்கூடாது, ஊசி தொடக்கூடாது, கைகால் மடக்கக்கூடாது. நான்தான் காவல்.

அடுத்த வருஷம் மாசில பொண்ணு பொறந்தா. மேலுதடு பிளந்திருந்தது. பிரசவ அறை வாசல்லயே எங்க பெரியம்மா கேட்ட முதல் கேள்வி "கிரகணத்தன்னிக்கு என்ன பண்ணினா?" அப்புறம் அது முடியவே இல்ல. அக்கா அரிவாள்மணைல காய் நறுக்கிட்டான்னு ஆச்சு. அவ மாமியார் வீட்டுல அதைச் சொல்லியே வருஷக்கணக்கா பேசினாங்க. நாலு மாசத்துல ஆபரேஷன் பண்ணி உதடு சேந்துடுச்சு, இப்ப அந்தப் பொண்ணுக்கு 29 வயசு, ஒரு சின்ன கோடுதான் இருக்கு. அக்கா மேல விழுந்த பழிக்குத்தான் எந்த ஆபரேஷனும் கிடைக்கல.

இப்ப விஷயத்துக்கு வரேன். குழந்தையோட மேலுதடு கர்ப்பத்தோட நாலாவது வாரத்துலேர்ந்து ஏழாவது வாரத்துக்குள்ள உருவாகுது. முகத்தோட ரெண்டு பக்கத்துலேர்ந்தும் திசு வளந்து வந்து நடுவுல ஒட்டும். ஒட்டாம நின்னா அதுதான் பிளவு. அன்னம், அதாவது வாயோட மேற்கூரை, ஆறுலேர்ந்து ஒன்பது வாரத்துக்குள்ள. அதுக்கு மேல உதடு பிளக்கறதுங்கற பேச்சே இல்ல. எங்க அக்கா கணக்குப் பாத்தா அந்தக் குழந்தையோட உதடு ஆனி மாசத்துலயே முடிவாயிடுச்சு. கிரகணம் வந்தது ஐப்பசில. நடந்து முடிஞ்சு மூணு மாசத்துக்கு மேல ஆன ஒண்ணுக்கு அப்புறமா வந்த நிழல் எப்படி காரணமாகும்? இதை யாராவது 1996ல எங்க வீட்டுல வந்து சொல்லியிருந்தா!

உங்களுக்கு அஞ்சாம் மாசம்னு சொல்றீங்க. இந்த மாசம் எடுக்கற பெரிய ஸ்கேன்ல உதட்டையும் பாப்பாங்க. மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர்கிட்ட அவங்களே கேக்கட்டும்.

செப்டம்பர் 10, மதியம்

அப்ப உதடு ஏன்தான் பிளக்குதுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நிறைய பேருக்கு ஒரே காரணம்னு கைய நீட்ட முடியாது. பரம்பரைல வர்ற மரபணு, ஃபோலிக் ஆசிட் பத்தாதது, புகை, சரியா கட்டுப்படுத்தாத சர்க்கரை, சில வலிப்பு மாத்திரைகள், இதெல்லாம் வாய்ப்பைக் கூட்டும். (வலிப்பு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட பேசி மாத்தணும்.) உலகம் முழுக்க பாத்தா சுமாரா 700 குழந்தைல ஒண்ணுக்கு இது வருது, கிரகணமே தெரியாத வருஷத்துலயும் வருது, கிரகணத்தைப் பத்தி இப்படி ஒரு நம்பிக்கையே இல்லாத நாட்டுலயும் வருது.

ஆனா இந்த நம்பிக்கை நம்மகிட்ட மட்டும் இல்ல. மெக்சிகோல இதே பயம் பல நூறு வருஷமா இருக்கு. கர்ப்பிணிங்க வயித்துப் பக்கம் துணில ஒரு ஊக்கு குத்திக்குவாங்க, இரும்பு காப்பாத்தும்னு. நம்மகிட்ட இரும்பைத் தொடக்கூடாது, அங்க இரும்புதான் காவல். கடலுக்கு அந்தப் பக்கம் யாரையும் பாத்திராத ரெண்டு சமூகம் ஒரே குறைக்கு ஒரே காரணத்தைக் கண்டுபிடிச்சிருக்கு, மருந்தை மட்டும் தலைகீழா வெச்சிருக்கு. எனக்கு இதுல தெரியறது அம்மாக்களோட பயம்தான்.

செப்டம்பர் 11

14 நாள்ல ரெண்டு கிரகணம் வருதே, கெட்ட காலமான்னு ஒரு கேள்வி. கெட்ட காலம் இல்லங்க, அதுதான் வழக்கம்.

சந்திரன் சுத்தற பாதை, பூமி சூரியனைச் சுத்தற தளத்துலேர்ந்து சுமார் 5 டிகிரி சாஞ்சிருக்கு. அதனாலதான் ஒவ்வொரு அமாவாசைக்கும் சூரிய கிரகணம் வர்றதில்ல, நிழல் மேலயோ கீழயோ தப்பிப் போயிடுது. ரெண்டு பாதையும் வெட்டிக்கற புள்ளி ரெண்டு இருக்கு. சூரியன் அந்தப் புள்ளி பக்கத்துல இருக்கற ஒரு மாசத்துக்கும் கொஞ்சம் கூடுதலான காலத்துல வர்ற அமாவாசை, பௌர்ணமி ரெண்டும் மாட்டிக்கும். அதனால கிரகணம் எப்பவும் ஜோடியாத்தான் வரும், சில சமயம் மூணு.

அந்த ரெண்டு புள்ளிக்கு நம்ம ஆளுங்க வெச்ச பேருதான் ராகு, கேது. நான் இதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப உடம்பு சிலிர்த்துடுச்சு. அந்தப் புள்ளிங்க ஒரே இடத்துல நிக்காது, பின்பக்கமா நகர்ந்துட்டே இருக்கும், ஒரு சுத்து முடிக்க 18.6 வருஷம். அதை 12 ராசிக்கு வகுத்துப் பாருங்க, ஒண்ணரை வருஷம் வரும். ராகு கேது பெயர்ச்சி ஒண்ணரை வருஷத்துக்கு ஒருதரம், அதுவும் பின்னோக்கின்னு பஞ்சாங்கத்துல போடறாங்களே, அது இந்த நகர்வுதான். கண்ணுக்குத் தெரியாத ரெண்டு புள்ளிய கண்டுபிடிச்சு, அது எவ்ளோ வேகமா நகருதுன்னு அளந்து வெச்சிருக்காங்க. பாம்புங்கறது அதுக்குப் போட்ட உருவம். உருவத்தைப் பிடிச்சுக்கிட்டு அளவை விட்டுட்டோம்.

ஆரியபட்டர் 499லயே சொல்லிட்டார், சந்திரன் சூரியனை மறைக்குது, பூமியோட பெரிய நிழல் சந்திரனை மறைக்குதுன்னு. 23 வயசுல.

செப்டம்பர் 11, இரவு

பஞ்சாங்கம்னு சொன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். 1825ல சென்னைல ஜான் வாரன்னு ஒரு கர்னல் "கால சங்கலித"ன்னு ஒரு புஸ்தகம் போட்டார், நம்ம காலக்கணக்கு முறைங்களைப் பத்தி. அவர் புதுச்சேரில ஒரு தமிழ் பஞ்சாங்கக்காரரைப் பாத்திருக்கார். அந்த மனுஷன் தரையில சோழிய அடுக்கி, மனப்பாடமா வெச்சிருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே, அந்த வருஷம் மே 31 ராத்திரி வர்ற சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். காகிதம் கிடையாது. ஆரம்ப நேரம் 4 நிமிஷம்தான் தப்பு. நடு நேரம் 23 நிமிஷமும் முடியற நேரம் 52 நிமிஷமும் விலகிச்சு.

52 நிமிஷம் தப்பாச்சேன்னு சிரிக்க எனக்கு மனசு வரல. அப்பன் பாட்டன் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தையும் கையளவு சோழியையும் வெச்சு பூமியோட நிழல் நிலா மேல எப்ப படும்னு சொன்னவர் அவர்.

அதே சமயம் தப்பு தப்புதான், திருத்தணும். அதைச் சொன்னவரும் நம்மாள்தான். மெட்ராஸ் வானாய்வு நிலையத்துல வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்துக்கும் 1871 டிசம்பர் 12 முழு கிரகணத்துக்கும் ஆய்வுக்குப் போனவர், ரெண்டாவதை நம்ம அவிநாசிலேர்ந்து பாத்தார். பஞ்சாங்கக் கணக்கை வானத்தைப் பாத்துத் திருத்தணும்னு வாதாடினார். பழைய வாக்கியக் கணக்கா, வானத்தைப் பாத்துத் திருத்தின திருக்கணிதமாங்கற சண்டை இன்னைக்கும் முடியல, ராகு கேது பெயர்ச்சிக்கே ரெண்டு தேதி போடறாங்க. ஆனா கிரகணத்துக்கு மட்டும் நேரம் தப்பினா ஊரே பாத்துடும், அதனால கணக்கு அங்க சுத்தமா இருந்தாகணும்.

1868 கிரகணம் இன்னொண்ணுக்கும் முக்கியம். குண்டூர்லேர்ந்து பாத்த பிரெஞ்சுக்காரர் ழான்சன், சூரிய விளிம்புல கிளம்பற ஜுவாலைங்களோட ஒளிய நிறமாலைல பிரிச்சுப் பாத்தார். அந்தக் கிரகணத்துல கிடைச்ச மஞ்சக் கோட்டுலேர்ந்துதான் ஹீலியம்னு ஒரு தனிமம் இருக்குங்கறதே தெரிய வந்தது. பேரே சூரியன்ங்கற கிரேக்க வார்த்தைதான். நம்ம பக்கத்துலேர்ந்து பாத்த கிரகணத்துல சூரியன் தன் உள்ள இருக்கறதைக் காட்டிக் கொடுத்துச்சு, அதே நேரம் எத்தனை வீட்டுல ஜன்னலை அடைச்சிருப்பாங்களோ.

செப்டம்பர் 12

உலக்கை. கேப்பீங்கன்னு தெரியும். 2019லயும் 2020லயும் தாம்பாளத் தண்ணில உலக்கை தானா நிக்குதுன்னு ஊரெல்லாம் படம் வந்துச்சு. அடிப்பக்கம் தட்டையா இருக்கற உலக்கை பொறுமையா நிறுத்தினா எந்த நாள்லயும் நிக்கும். நான் கிரகணம் இல்லாத சாதாரண நாள்ல நிறுத்திக் காட்டியிருக்கேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க கை தட்டினாங்க. சூரியனும் சந்திரனும் ஒரு பக்கமா சேந்து இழுக்கறது ஒவ்வொரு அமாவாசைக்கும்தான் நடக்குது, கிரகணத்துக்குன்னு தனி இழுப்பு கிடையாது.

செப்டம்பர் 13, காலை

இதை எழுதாம விட்டுட்டோமேன்னு தோணுச்சு. நான் கிரகணத்துக்கு பயப்படவே வேணாம்னு சொல்லல. பயப்பட வேண்டியது ஒண்ணே ஒண்ணு இருக்கு, கண்ணு.

அதே 1995 அக்டோபர் 24 அன்னிக்கு எங்க பெரியப்பா பையன், அப்ப அவனுக்கு 17, மொட்டைமாடில எக்ஸ்ரே ஃபிலிமை மடிச்சு வெச்சுக்கிட்டு கிரகணத்தைப் பாத்தான். நடுநடுவுல ஃபிலிமை எடுத்துட்டு வெறும் கண்ணாலயும் பாத்திருக்கான். வலிக்கல. விழித்திரைல வலி தெரியற நரம்பு கிடையாது, அதனால சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். மறுநாள் காலைல பேப்பர் படிக்க உக்காந்தா எழுத்துக்கு நடுவுல ஒரு அழுக்கு மாதிரி. தேய்ச்சு தேய்ச்சுப் பாத்தான், போகல. இன்னைக்கு அவனுக்கு 47. வலது கண்ணால ஒரு முகத்தைப் பாத்தா மூக்கு இருக்கற இடம் மறைஞ்சிருக்கும்.

ஒரே வீடு, ஒரே காலை. ஒண்ணும் ஆகப் போகாத எங்க அக்காவை போர்வை கட்டின அறையில பூட்டி வெச்சு வாசல்ல என்னை உக்கார வெச்சாங்க. நெஜமாவே ஆபத்துல இருந்தவன் மொட்டைமாடில நின்னான், அவன் ஆம்பளப் பையன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. இது 30 வருஷமா என் நெஞ்சுல குத்திக்கிட்டே இருக்கு.

அதனால: எக்ஸ்ரே ஃபிலிம், கருப்புக் கண்ணாடி, புகை பிடிக்க வெச்ச கண்ணாடி, சாணித் தண்ணில மஞ்சத் தண்ணில பிம்பம் பாக்கறது, எதுவும் வேண்டாம். வெளிச்சம் குறைஞ்ச மாதிரி காட்டும், கண்ணுக்குத் தெரியாத கதிரை உள்ள விட்டுடும். ஐஎஸ்ஓ 12312-2ன்னு போட்ட கிரகணக் கண்ணாடி, இல்லன்னா வெல்டிங் கண்ணாடில 14ஆம் நம்பர். அதுவும் இல்லன்னா அட்டைல ஊசித் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னு தரையில விழற உருவத்தைப் பாருங்க. அதுல ஒரு ஆபத்தும் இல்ல.

செப்டம்பர் 13, சாயங்காலம்

2019ல வாங்கின கண்ணாடிய எடுத்து வெச்சிருக்கேன், அதையே பயன்படுத்தலாம்னு ஒருத்தருக்கு பதில் போட்டிருந்தேன். அது அவசரத்துல சொன்னது. இப்ப பெட்டியத் திறந்து என்னோடதை எடுத்து டார்ச் முன்னாடி பிடிச்சுப் பாத்தேன், மடிப்புல ஒரு இடத்துல புள்ளியா வெளிச்சம் வருது. கீறலோ துளையோ இருந்தா அது கண்ணாடியே இல்ல. என்னோடதைக் கிழிச்சுப் போட்டுட்டேன், நீங்களும் பாத்துக்கோங்க.

செப்டம்பர் 15

சமைச்ச சாப்பாடு கெட்டுடுமா, தர்ப்பை போடணுமான்னு மூணு பேர். கிரகணத்துல புதுசா எந்தக் கதிரும் வர்றதில்ல, வழக்கமா வர்ற வெளிச்சமே கொஞ்சம் கம்மியா வருது, அவ்ளோதான். நம்ம வெயிலுக்கு சோறு மூணு மணி நேரம் வெளிய கிடந்தா எந்த நாளா இருந்தாலும் பதம் மாறத்தான் செய்யும். தர்ப்பை போடறதுல உங்களுக்கு நிம்மதின்னா போடுங்க, நான் தடுக்கல. கர்ப்பிணியையும் சர்க்கரை இருக்கறவங்களையும் பட்டினி போடறதைத்தான் தடுப்பேன்.

செப்டம்பர் 16, இரவு

10ஆம் தேதி எழுதினதுல ஒரு பெரிய திருத்தம்.

இவ்ளோ எழுதிட்டோமே, அக்காகிட்ட கேக்காம எழுதிட்டோமேன்னு இன்னைக்கு போன் பண்ணினேன். "அரிவாள்மணைல காய் நறுக்கினது"ன்னு நான் ஆரம்பிச்சதுமே அவ நிறுத்திட்டா. "நான் எதையும் நறுக்கலடி. எனக்கு முட்டிக்கிட்டு வந்துச்சு, ஆறு மாச வயிறு, எவ்ளோ நேரம் அடக்கறது? நீ தூங்கி விழுந்துட்டிருந்த. உன்னைத் தாண்டி கொல்லைக்குப் போயிட்டு வந்தேன். ரெண்டு நிமிஷம்."

இதைத்தான் அவ 30 வருஷமா யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தா. சொன்னா காவல் இருந்த நான் மாட்டிப்பேன்னு. வீட்டுல அவளா ஒத்துக்கிட்டதுதான் அந்த அரிவாள்மணை கதை, யாரோ "நறுக்கினியா"ன்னு கேட்டப்ப ஆமான்னு தலையாட்டிட்டா.

அப்புறம் அண்ணனுக்குப் பேசினேன், அவன் "ஊக்கு மாட்டினா இல்ல?"ங்கறான். பெரியம்மா பொண்ணு "ஒருக்களிச்சுப் படுத்தா"ங்கறா. நாலு பேர்கிட்ட நாலு காரணம். காரணம் முதல்ல வரல, குழந்தை முதல்ல வந்துச்சு. அப்புறம் எல்லாரும் அந்தக் காலைக்குள்ள கைய விட்டுத் துழாவி அவங்கவங்களுக்குக் கிடைச்சதை எடுத்துக்கிட்டாங்க. ஆரோக்கியமா குழந்தை பொறந்திருந்தா அன்னிக்கு என்ன பண்ணினான்னு யாரு கேட்டிருப்பா? கிரகணத்துல வெளிய நடமாடி நல்லபடியா பெத்தவங்க லட்சம் பேரு இருப்பாங்க, அவங்களைப் பத்தி ஒரு கதையும் கிடையாது.

மேல எதுவும் எழுத முடியல.

செப்டம்பர் 17

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தர் குறள் ஒண்ணு போட்டிருக்கார், எனக்கு பள்ளிக்கூடத்துல படிச்சது, ஆனா இந்த அர்த்தத்துல தட்டினதே இல்ல. "கண்டது மன்னும் ஒருநாள் அலர்மன்னும் திங்களைப் பாம்புகொண் டற்று." அவனைப் பாத்தது ஒரு நாள்தான், ஊர்ப்பேச்சு மட்டும் நிலாவைப் பாம்பு பிடிச்ச சேதி மாதிரி எங்கயும் பரவிடுச்சுன்னு ஒரு பொண்ணு சொல்றா. கிரகணம் சில மணி நேரம், பேச்சு ஊர் முழுக்க. எங்க அக்காவுக்கு ரெண்டு நிமிஷம், 30 வருஷம்.

செப்டம்பர் 18

கொஞ்சம் நல்லதும் சொல்றேன், இல்லன்னா கிரகணத்தைப் பத்தி இழைல கிரகணத்தோட அழகே இல்லாம போயிடும்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. கங்கண கிரகணம், அதாவது நிலா கொஞ்சம் தள்ளி இருந்ததால சூரியனை முழுசா மூடாம சுத்தி வளையம் விட்டுடுச்சு. ஊட்டி, கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைன்னு நம்ம நடுவுலயே பட்டை போச்சு. அதுக்கு முன்னாடி ஒரு வாரமா பயம் காட்டினாங்க, சுனாமி வந்த அதே டிசம்பர் 26, மறுபடியும் வரும்னு. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி. சூரிய கிரகணம் அமாவாசைல மட்டும்தான் வரும். இதை பக்கத்து வீட்டு அம்மாகிட்ட காலண்டரைக் காட்டிச் சொன்னப்ப அவங்க முகம் தெளிஞ்சது இன்னும் ஞாபகம் இருக்கு. அதே நாள் கர்நாடகத்துல கலபுரகி பக்கம் மாற்றுத்திறனாளிக் குழந்தைங்களை, குணமாகும்னு நம்பி, கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு வெச்சதா செய்தி வந்துச்சு. பெத்தவங்களே. அதைப் படிச்சுட்டு அன்னிக்கு சாப்பிட முடியல.

(அழகைச் சொல்ல வந்து எங்கயோ போயிட்டேன்.)

நாங்க பட்டைக்குள்ள ஒரு ஊர்ல இருந்தோம். அக்கா பொண்ணுதான் அம்மாவை இழுத்துட்டு வந்தா. அக்கா அதுவரைக்கும் ஒரு கிரகணத்தைக்கூட பாத்ததில்ல, அந்த நேரம் வந்தாலே உள்ள போய் கதவைச் சாத்திப்பா. வந்தும் நிமிந்து பாக்கமாட்டேன்னுட்டா, வேப்பமரத்தடில தலை குனிஞ்சே நின்னா. ஒன்பதரை மணிக்கு வளையம் முழுசாச்சு, சுமார் மூணு நிமிஷம். சூரியன்ல 90 சதவீதத்துக்கு மேல மறைஞ்சும் இருட்டல, வெயில் மட்டும் பழைய ஃபோட்டோ மாதிரி ஒரு நிறத்துக்கு வந்துச்சு, காக்காங்க சத்தம் மாறிச்சு, காத்து குளிர்ந்துச்சு. அப்ப அக்கா "இங்க பாரு"ன்னா. வேப்பிலை சந்துக்குள்ள வர்ற ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் தரையில வளையமா விழுது. நூத்துக்கணக்குல. அவ சேலை முழுக்க வளையம், வயித்து மேலயும் கை மேலயும். ஒவ்வொரு இலைச் சந்தும் ஒரு ஊசித் துளை. அவ அசையவே இல்ல, அசைஞ்சா போயிடும்னு நினைச்ச மாதிரி. அப்புறமா கண்ணாடிய வாங்கி மேல பாத்தா. "இதுவா?"ன்னு கேட்டா. அவ்ளோதான் கேட்டா.

செப்டம்பர் 19

நிலாவும் சூரியனும் எப்படி ஒரே அளவா தெரியுதுன்னு ஒரு பையன் கேட்டிருக்கான், நல்ல கேள்வி. சூரியன் நிலாவைவிட சுமார் 400 மடங்கு அகலம், சுமார் 400 மடங்கு தூரம். ரெண்டும் கிட்டத்தட்ட சமன் ஆகிடுது. நிலா வருஷத்துக்கு 3.8 செ.மீ. விலகிப் போகுது, கோடிக்கணக்கான வருஷம் போனா முழு கிரகணமே இருக்காது, எல்லாம் வளையம்தான். நாம சரியான காலத்துல பொறந்திருக்கோம்.

ஒரு கிரகணம் 18 வருஷம் 11 நாள் 8 மணி நேரம் கழிச்சு திரும்ப வரும். அந்த 8 மணி நேரத்துல பூமி மூணுல ஒரு பங்கு சுத்திடும், அதனால வேற நாட்டுல வரும். 2009 ஜூலை 22 நம்ம வடக்கே போன முழு கிரகணம் 2027 ஆகஸ்ட் 2 எகிப்துப் பக்கம் திரும்புது, லக்சர் கிட்ட 6 நிமிஷத்துக்கு மேல இருட்டும்.

செப்டம்பர் 22, காலை

கேள்வி கேட்ட தங்கச்சி காலைல எழுதியிருந்தாங்க. ஸ்கேன்ல எல்லாம் நல்லா இருக்கு, உதடு உட்பட. நேத்து ராத்திரி பத்து மணிக்கே தூங்கிட்டாங்களாம், தலைமாட்டுல தண்ணி பாட்டில். நடுவுல ரெண்டு மணி வாக்குல முழிச்சுப் பாத்தா மாமியார் கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க, கைல ஜபமாலை. 3.23 வரைக்கும் தூங்கலையாம். "தண்ணி வேணுமாம்மா"ன்னு கேட்டு அவங்களே எடுத்துக் கொடுத்தாங்களாம்.

நான் மாமியார்களைக் கொஞ்சம் கடுமையா எழுதிட்டேனோன்னு இப்ப இருக்கு. எங்க அம்மாவும் போர்வை கட்டினது பயத்துலதான், பாசம் இல்லாம இல்ல. ஆனா பிரசவத்துக்கு அப்புறம் அம்மா பேசாம இருந்தது, அதை மட்டும் என்னால மாத்தி எழுத முடியல.

ஆப்பிரிக்காவுல தோகோ, பெனின் நாட்டுல பட்டம்மாலிபான்னு ஒரு மக்கள் இருக்காங்க. சூரியனும் சந்திரனும் சண்டை போடறதுதான் கிரகணம்னு அவங்க நம்பிக்கை. அதனால அந்த நேரத்துல இங்க மனுஷங்க பழைய சண்டையெல்லாம் பேசித் தீத்துக்குவாங்க, மேல இருக்கறவங்களும் பாத்து நிறுத்திக்கட்டும்னு. நிழல் எப்படி விழுதுங்கற கணக்குல அதுவும் தப்புதான், ஆனா அந்தத் தப்புல யாருக்கும் பழி விழல.

செப்டம்பர் 28

அம்மாவுக்கு இப்ப 78. நேத்து அக்கா ஊருக்குப் போயிருந்தேன், அக்கா பொண்ணும் இருந்தா. நான் இங்க எழுதினதையெல்லாம் அவ அம்மாவுக்கும் பாட்டிக்கும் சத்தமா படிச்சுக் காட்டினா, கொல்லைக்குப் போன கதை வரைக்கும். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் அக்காவைப் பாத்து, "முட்டுச்சுன்னா சொல்லியிருக்கலாமேடி, நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே"ன்னாங்க. அக்கா எழுந்து போய் அம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

2031 மே 21 மறுபடியும் வளையம், கேரளாவையும் நம்ம தென்கோடியையும் தாண்டி யாழ்ப்பாணம் பக்கம் போகுது, மதியம் உச்சி வெயில்ல. எந்த ஊர்ல நிக்கலாம்னு அக்கா பொண்ணு இப்பவே வரைபடத்தை எடுத்து வெச்சிருக்கா. வேப்பமரம் இருக்கற இடமா பாக்கச் சொல்லியிருக்கா அக்கா, அம்மாவுக்கு நாற்காலி போடற அளவுக்கு நிழல் இருக்கணுமாம்.